நோன்பு என்று சொல்லாதே

கண்ணு, அருகன் உன் பக்கத்தில் இருக்கட்டும். நான் இல்லாத இடத்தில் அவராவது இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஊரில் நாலு பேர் படிப்பார்கள். உனக்கு அது பிடிக்காது, தெரியும். ஆனால் நீ ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "பிசியா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். போன மாதம் நம் சமணச் சமூகத்துப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, ஆப்பிரிக்கக் கிராமத்தில் தொண்டு செய்துகொண்டே நோன்பும் விடாமல் இருக்கிற நம் பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். மேல்சித்தாமூர் மடத்துக்குப் போனபோது அப்பா பெருமையாகச் சொன்னது அங்கே போய் அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஒருத்தர் வாழைப்பழத்தோடு வருகிறார், ஒருத்தர் பூவோடு வருகிறார். எதிர்வீட்டு வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வயிறு இன்னா புண்ணியம் பண்ணுச்சோ அக்கா" என்று கண் கலங்கினாள். எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதே பத்திரிகைக்கு, அதே இடத்தில் போடச் சொல்லி இதை அனுப்புகிறேன். என் மகன் நோன்பு இருக்கவில்லை. சாப்பிடாமல் கிடக்கிறான். அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

போன புதிதில் தினமும் நீயே கூப்பிடுவாய். தான்சானியாவில் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கோயிலுக்கும் போய் வந்திருப்போம். அங்கே உன் முதுகுக்குப் பின்னால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். "அம்மா, உன் கடைய மூடிட்ட, என் கடை தெறந்துதான் இருக்குது பாரு" என்று சொல்லி, ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டை எடுத்து முன்னால் வைப்பாய். சோள மாவில் கிண்டிய களி. "நம்ம கேப்பைக் களியேதாம்மா, பவுடர் பூசிக்கினு வந்திருக்குது" என்பாய். நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாவை அந்த ஊர் பாஷையில் 'மாமா' என்று கூப்பிட வேண்டுமாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அப்போ மாமாவ இன்னான்னு கூப்புடுவாங்க, அம்மான்னா?" என்று அன்று முழுக்கச் சிரித்தார். அந்த அம்மா ஒருநாள் ஃபோனுக்குள் எட்டிப் பார்த்து எனக்குக் கை ஆட்டினாள். உனக்காக வெங்காயம் போடாமல் தனிச் சட்டியில் பயறு வேகவைக்கிறாள் என்று சொன்னாய். அவள் பெயர்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனாலும் சாமி கும்பிடும்போது அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் நீ கூப்பிடுவது குறைந்தது. கடைசியாக உன் முகம் பார்த்த அன்று, முதலில் யாரோ என்று நினைத்துவிட்டேன். கன்னத்து எலும்பு மேலே வந்திருந்தது. பின்னால் மேசைமேல் ஒரு தட்டு, அதைக் கவிழ்த்து மூடி இன்னொரு தட்டு, அதைச் சுற்றி ஈ. "இன்னாடா கண்ணு, சாப்புடலியா?" என்றேன். நீ என் பக்கம் பார்க்காமல், "நோன்பும்மா" என்றாய். "இன்னைக்கு இன்னாடா நோன்பு?" என்றேன். "நானா இருக்கறது" என்றாய். பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தியாடி எம் புள்ளைய! அந்தக் கண்காணாத ஊர்ல போயும் நோன்ப வுடல பாரு" என்றார். அன்று அஷ்டமியும் இல்லை, சதுர்த்தசியும் இல்லை. திரிதியை. எட்டாவது வரைதான் படித்தவள் என்றாலும் திதி எனக்குத் தப்பாது. அதுகூடப் போகட்டும், தனியாக நேர்ந்துகொண்டும் நோன்பு இருக்கலாம். ஆனால் நோன்பு இருக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். உடம்பு எவ்வளவு வாடினாலும், நாளைக்கு நோன்பை முடிக்கிற பாரணையில் வாயில் படப்போகிற முதல் வாய்க் கஞ்சி அவன் கண்ணில் தெரியும். உன் கண்ணில் நாளைக்கு என்று ஒன்று இல்லை. அந்தக் கண்ணை நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

அது கிளாராவின் கண். அவள் யாரென்று படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் தொண்டு செய்ய ஜெர்மனியிலிருந்து வந்த பெண். தங்க நம் வீட்டில் இடம் கொடுத்தோம். வந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இந்தாம்மா, நம்ம வூட்டு சட்டத்த மொதல்ல கேட்டுக்கோ. வெங்காயம் கெடையாது, பூண்டு கெடையாது, உருளக்கெழங்கு கெடையாது. பொழுது சாஞ்சா சோறே கெடையாது" என்றார். நீதான் இங்கிலீஷில் சொன்னாய். அவள், அப்படியானால் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். "மீதி எல்லாம் இருக்குது" என்றார் அப்பா. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நீ சனி ஞாயிறு மட்டும் வருவாய். ஜாலியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவாய். மற்ற நாட்களில் அவளை நான்தான் பார்த்தேன். தொண்டு செய்யப் போகிறேன் என்று நீ கிளம்பியதே அவளைப் பார்த்துத்தானே. அவளுடைய திங்கட்கிழமைகளை நான் உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

விடிவதற்கு முன் எழுந்து கிணற்றடிக்கு வந்துவிடுவாள். நான் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதே கிணற்றில் இறக்கி விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்திலேயே தொட்டி இருக்கிறதே, அதில் விடக்கூடாதா என்று கையைக் காட்டிக் கேட்டாள். "வேற தண்ணில தாங்காதும்மா, செத்துடும்" என்று நானும் கையாலேயே சொன்னேன். பிறகு குளித்து, சுடிதார் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். விரலுக்கு ஒரு பிள்ளை தொங்கிக்கொண்டு போகும். வழியெல்லாம் கேள்விதான். "சாப்டியா?" "எத்தினி இட்லி?" "ரெண்டா? ரெண்டு இட்லி கோழிக்குப் போறாதே!" ஒருத்தி அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒருத்தி செல்ஃபி எடுப்பாள். கதவை மூடிக்கொண்டு அறையில் உட்கார்ந்தால், உடம்பு சரியில்லையோ என்று நானே நாலு தடவை தட்டுவேன். எந்த நேரமும் அவளைச் சுற்றி ஆள். ஆனால் அவளோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச ஒரு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கிக்கொண்டு வருவாள். அந்த ரொட்டி மேல் ஆசை இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அதற்காகத்தான் போனாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலையே இல்லை, கண்ணு. ஆபீசர் வந்தால் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்று ராகம் போடும். மத்தியானம் கழித்தும் குட் மார்னிங்தான். அட்டை வெட்டி, படம் வரைந்து, பொம்மை தைத்துக் கொண்டுபோவாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற காலம் வந்தது, பாதிப் பிள்ளைகள் கொல்லை வேலைக்குப் போய்விட்டார்கள். காலி பெஞ்சுக்கு முன்னால் நின்றுவிட்டு, இவளும் கொல்லைக்குப் போய் மல்லாட்டைக் கொடி பிடுங்கினாள். கை கொப்புளமாகித் திரும்பினாள். பொம்பளைகள், "தொரசானி ஒரு பாத்தி புடுங்கறதுக்குள்ள நாங்க திண்டிவனத்துக்கே போயிட்டு வந்துடுவோம்" என்று கேலி செய்தார்கள். சிரித்தாள். அதற்கப்புறம், அவளிடம் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளையை அதைப் பெற்றவர்கள் செங்கல் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் அந்தப் பிள்ளை வீட்டின் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்ததை வசந்தா பார்த்து வந்து சொன்னாள். அன்று சாயங்காலம் கிணற்று மேடையில் உட்கார்ந்து, உடைந்த தமிழில் என்னைக் கேட்டாள்: "அம்மா, நான் இங்க எதுக்கு?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா, வா, பொழுது சாயப்போவுது, சாப்புடு" என்றேன்.

அவள் அன்று சாப்பிடவில்லை. வேண்டாம் என்றாள். நம் வீட்டில், நம் ஊரில், வேண்டாம் என்று சொன்னால் யார் விடுகிறார்கள்? ஒரு வாய், அரை வாய், எனக்காக ஒரு வாய் என்று தட்டோடு பின்னாலேயே போனேன். அன்று சதுர்த்தசி. எனக்கே தோன்றி, "இன்னாம்மா, எங்களோட சேந்து நோன்பா?" என்றேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் அந்த நிமிஷமே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதைத்தான் அவள் பார்த்தாள். வயிறு வலி என்றால் கஷாயம் வரும். தூக்கம் வருகிறது என்றால் பாலாவது குடி என்று வரும். நோன்பு என்று சொன்னால் மட்டும்தான் நாங்கள் கும்பிட்டுவிட்டு விலகி நிற்போம். எங்கள் கையிலிருந்து தப்பிக்க இத்தனை பெரிய ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே கதவு அது. மறுநாளும் சொன்னாள். அடுத்த வாரம் முழுக்கச் சொன்னாள். நடுவில் கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் மோர். பிறகு அதுவும் குறைந்தது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அருகன் வழி காட்டிவிட்டான் என்று கோயிலில் பேச்சு. அப்பா தெருவில் போகிற பையன்களை நிறுத்தி, "எங்கியோ பொறந்த பொண்ணு நோன்பு இருக்குது, உங்களுக்கு ஒருவேளை பட்டினி கெடக்க இன்னாடா பேஜாரு?" என்று கேட்டார். பொம்பளைகள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அடக்கம் என்று நினைத்தோம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, தவம் என்று நினைத்தோம். பேச்சைக் குறைத்துக்கொண்டாள், மௌனம் என்று நினைத்தோம். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒரு கிழவியாவது, "இந்தப் பொண்ணுக்கு இன்னாமோ ஆயிப்போச்சு, ஜல்தியா டாக்டருகிட்ட இட்டுக்கினு போங்க" என்று சத்தம் போட்டிருப்பாள். நாங்கள் பூத்தட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

பாரணை செய்து வைக்க ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் கோயிலுக்கு அழைத்துப்போனோம். நீயும் வந்திருந்தாய். மேளம், மாலை, புதுப் புடவை. நான்தான் கஞ்சிக் கிண்ணத்தை அவள் உதட்டில் வைத்தேன். ஒரு வாய் உள்ளே போனதும் அப்படியே வெளியே வந்தது. என் மடியிலேயே சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றாள். மேளக்காரர் நிறுத்தவில்லை, அவருக்கு விஷயம் புரியவில்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தினி நாளா சாப்புடல?" என்று கேட்டார். அப்பா இரண்டு கையையும் கூப்பி, "நோன்புங்க" என்றார். அந்த டாக்டர் எங்களைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அவள் அப்பா விமானம் ஏறி வந்தார். நம் கூடத்தில், ஃபேனுக்குக் கீழே, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ எனக்குச் சொன்னாய்: "அவ சாப்புடலன்றது உங்களுக்குத் தெரியாதான்னு கேக்கறாரும்மா." நான் சொன்னேன்: "தெரியும்னு சொல்லு. பெருமையா இருந்துச்சுன்னு சொல்லு." நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அவரிடம் என்னமோ சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் நான் சொன்னதை நீ சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்தது. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். என்ன சொன்னாய் கண்ணு? இத்தனை வருஷமாக நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. கிளாராவிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாளா, சாப்பிடுகிறாளா, எதுவும் தெரியாது.

இப்போது நான் ஏன் பயப்படுகிறேன் என்று புரிகிறதா? கிளாராவுக்கு அந்த வார்த்தை தற்செயலாகக் கிடைத்தது. உனக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். அதைச் சொன்னால் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு விலகிப் போவாள், அப்பா மடத்தில் போய்ச் சொல்லுவார், யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தே சொன்னாய். உன்னை அங்கே என்ன ஒடித்துப்போட்டது என்று எனக்குத் தெரியவில்லை. காலி பெஞ்சா, பூட்டின கதவா? நான் இங்கே எதுக்கு என்று நீ யாரைக் கேட்டாய்? அந்த வீட்டு அம்மா உனக்கு என்ன சொன்னாள்? பொழுது சாயப்போகிறது, வந்து சாப்பிடு என்றுதானே சொல்லியிருப்பாள், என்னைப் போலவே. வேற தண்ணில தாங்காது என்று கிளாராவுக்குச் சொன்னவள் நான். உன் பெட்டியில் வடிகட்டுகிற துணியை மடித்து வைத்து அனுப்பினவளும் நான்தான்.

உன்னை அனுப்பின ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, "நல்லா இருக்காரும்மா, ரிப்போர்ட் எல்லாம் கரெக்டா அனுப்பறாரு" என்றாள். கிளாராவும் கடைசி வாரம் வரை பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அவள் அப்பாவைப் போல நானும் புறப்பட்டு வந்து உன்னைக் கையோடு கூட்டி வரலாம் என்றால், எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அந்த ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஊரே மெச்சுது, பெத்தவ நீ ஒருத்திதான் கரிச்சுக் கொட்டிக்கினு இருக்கற" என்றார். "கிளாராவையும் ஊரே மெச்சுச்சு" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ராத்திரியானால் உன் பழைய சட்டையை எடுத்து மடித்து மடித்து வைக்கிறார். அவருக்கும் தெரியும். ஒத்துக்கொண்டால் தாங்க முடியாது என்று பெருமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிரார்த்தனை செய்து பார்க்கிறேன். வாய் சொல்கிறது, மனசு கூட வரவில்லை. இந்த வயதில் சாமி முன்னால் நின்று எனக்கு இப்படி வெறுமையாக இருந்தது இதுவே முதல் தடவை.

அதனால் அம்மா சொல்கிறேன், படிக்கிற பெரியவர்கள் என்னை மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி. இருட்டின பிறகு சாப்பிடு. வெங்காயம் போட்டிருந்தால் வெங்காயத்தோடு சாப்பிடு. பூண்டோ கிழங்கோ அந்த அம்மா எதை வேகவைத்து வைத்தாலும் அதைச் சாப்பிடு. வடிகட்டாத தண்ணீரானாலும் குடி. அதில் வருகிற பாவம் அத்தனையும் என் பங்கு என்று கோயிலில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா தட்டோடு உன் பின்னால் வந்தால், பசிக்கிறது என்று சொல்லு. பசிக்கவில்லை என்றால் பசிக்கவில்லை என்று சொல்லு, அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழு. நோன்பு என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. அவள் நம்பிவிடுவாள். நல்லவள், அதனால் நம்பிவிடுவாள். வீட்டுக்குப் போகணும் என்று தோன்றினால் அதையும் சொல்லு. தொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான் என்று ஊர் பேசும். பேசட்டும். மோர் கொடுத்து அனுப்பிக்கொள்கிறேன்.

இன்றைக்கும் பொழுது சாய்வதற்குள் கடையை மூடியாகிவிட்டது. நானும் சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை, விழுங்கினேன். உன் பக்கம் இன்னும் வெயில் இருக்கும். ஃபோனைச் சுவரில் சாய்த்து வை. தட்டை முன்னால் வை. பேச வேண்டாம், முகம்கூடக் காட்ட வேண்டாம், உன் கை தட்டுக்குப் போய் வருவது தெரிந்தால் போதும். நீ எடுக்க மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஃபோனைச் சார்ஜில் போட்டு, எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.